முகம் தெரியாத தூரம்

குணாளன் மூன்று லென்ஸ்களோடு கொடிக்குப்பம் கடற்கரையில் வந்து இறங்கிய புதன்கிழமை காலை, கடல் ஒழுங்காகத்தான் அலையை அனுப்பிக்கொண்டிருந்தது. அவனுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

காருக்கும் மணலுக்கும் மூன்று தடவை நடந்தான். முதல் நடையில் கறுப்புப் பெட்டி. இரண்டாவதில் கேமராவை நிறுத்தும் முக்காலி. மூன்றாவதில், மறந்துவிட்டு வந்த தொப்பி.

ஜெசிந்தா ஏலத்தை முடித்துவிட்டு, கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வயது முப்பத்து நாலு. கரைக்கு வரும் மீனை விடிகாலையில் ஏலம் கூவுவது அவர் தொழில். மீதி நேரத்தில், ஒரு பழைய கேமராவை வைத்துக்கொண்டு, பலகையில் நின்று அலை சறுக்கும் பிள்ளைகளைப் படம் எடுப்பார். அந்தப் படங்கள் டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்தன. அவற்றைப் பார்த்த அன்றே குணாளன் போய், "எனக்குக் கத்துக்குடுங்க" என்று கேட்டுவிட்டான். நாற்பத்தெட்டு வயதில். பிள்ளைகள் அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். அவனும் அப்படியே கூப்பிட்டான்.

"இன்னா சார், கடலுக்கு அந்தாண்ட இருக்கற ஊரைப் படம் எடுக்கப் போறீங்களா?"

குணாளன் பெட்டியைத் திறந்தான். இருநூறு, நானூறு, அறுநூறு. எண் ஏற ஏற லென்ஸ் நீண்டது. நீள நீள, தூரத்தில் இருப்பது பக்கத்தில் வந்தது. மூன்றும் நகரத்துக் கடையில் வாடகைக்கு எடுத்தவை. நாளை சாயங்காலத்துக்குள் இரண்டைத் திருப்பிவிட வேண்டும். ஒன்றை மட்டும் ஞாயிற்றுக்கிழமை வரை வைத்துக்கொள்ளலாம்.

"ஞாயித்துக்கிழமை போட்டி. எது சரியா வரும் மாஸ்டர்?"

"யாரை எடுக்க?"

"அதியனை."

அதியன் அவன் மகன். பத்தொன்பது வயது. குணாளன் பதினோரு வருடம் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் வேலை பார்த்தான். பையன் இங்கே அம்மாவோடும் கடலோடும் வளர்ந்தான். குணாளன் திரும்பி வந்து நாலு மாதம் ஆகிறது. இந்த நாலு மாதத்தில் அதியன் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. போன வாரம், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே கேட்டான்: "போட்டி அன்னைக்கு என்னை ஒரு படம் எடுப்பீங்களாப்பா?"

அதிலிருந்து குணாளனுக்குத் தூக்கம் சரியில்லை. லென்ஸைப் பற்றி எழுதியிருந்ததையெல்லாம் படித்தான். நானூறு போதும் என்று ஆங்கிலத்தில் ஒருவர் எழுதியிருந்தால், அறுநூறுக்குக் குறைந்தால் வீண் என்று தமிழில் இன்னொருவர் பேசியிருந்தார். இரண்டு மொழியும் தெரிந்ததில் குழப்பம்தான் இரட்டிப்பாயிற்று.

"அறுநூறு போடட்டுமா? முகம் தெளிவா விழும்."

ஜெசிந்தா டீ கிளாஸை மணலில் வைத்துவிட்டுக் கடலைக் காட்டினார். ஆறு பேர் பலகைகளின் மேல் உட்கார்ந்து அலைக்குக் காத்திருந்தார்கள். கரையிலிருந்து பார்க்க, ஆறு மிளகு.

"இதுல உங்க பையன் எது?"

"மஞ்சள் பனியன்."

"நல்லாப் பாத்துட்டீங்களா?"

"வீட்ல கிளம்பும்போதே பாத்தேனே. மஞ்சள்தான் போட்டிருந்தான்."

"சரி, எடுங்க."

அவன் அறுநூறைப் பூட்டினான். கைக்குழந்தை கனம் கனத்தது. கண்ணை வைத்தான். லென்ஸுக்குள் வானம் வந்தது. பிறகு தண்ணீர். மறுபடி வானம். ஒரு வழியாக மஞ்சள் வந்து மாட்டியது. பிடித்ததை விடவில்லை.

"மஞ்சள் தெரியுது. முகம் கறுப்பா இருக்கே மாஸ்டர்."

"வெயில் அவன் முதுகுல அடிச்சா முகம் கறுப்பாத்தான் இருக்கும். நீங்க இருந்த ஊர்ல எப்படி?"

"அங்க கடல் மேற்கே. காலை வெயில் நமக்குப் பின்னாலேருந்து வரும். அலைமேல நிக்கறவன் மூக்கு நுனி வரைக்கும் தெரியும்."

பெர்த்தில் சனிக்கிழமை காலைகளில் யார் யார் பிள்ளைகளையோ எடுத்துப் பழகிய கை அது. பழக்கத்தில் இங்கேயும் விடிந்ததும் ஓடி வந்துவிட்டது.

"சாயங்காலம் எடுத்தா வெளிச்சம் நம்ம பக்கம் திரும்பும்" என்றார் ஜெசிந்தா. "ஆனா காத்து கெளம்பி அலையைக் கலைச்சுப் போட்டுரும். உங்களுக்கு அலை வேணுமா, வெளிச்சம் வேணுமா?"

"ரெண்டும்."

ஜெசிந்தா சிரித்தார். "போட்டி காலையில ஆறரைக்கு."

ஒரு மணி நேரம் குணாளன் கண்ணை எடுக்கவில்லை. மஞ்சள் எழுந்தது, சறுக்கியது, விழுந்தது, மறுபடி எழுந்தது. விரல் வலிக்க வலிக்க எடுத்தான். கடைசியில் மஞ்சள் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கரையேறி, முகத்தை வழித்துக்கொண்டு நேரே அவனிடம் வந்தது.

அது அதியன் இல்லை. அவன் கூட்டாளி ஜோயல்.

"என்னையா அங்கிள் எடுத்தீங்க? இவ்ளோ நேரமா? செம! எல்லாத்தையும் அனுப்பிடுங்க."

"இந்தப் பனியன்..."

"அதியனோடதுதான். கழுத்துல உரசுதுன்னு எங்கிட்டக் குடுத்தான். என்னோட கறுப்பை வாங்கிப் போட்டுக்கிட்டான்."

"அதியன் எங்கே?"

"அவன் போயி அரை மணி ஆச்சே. உங்களுக்குப் பின்னாலதான் நின்னான்."

"கூப்பிடலயா?"

"இல்ல அங்கிள். கொஞ்ச நேரம் பாத்தான். போயிட்டான்."

ஜோயல் தலையைச் சிலுப்பிக்கொண்டு நடந்தான். குணாளன் கேமராவின் பின்பக்கத்தைப் பார்த்தான். நானூற்றுப் பன்னிரண்டு படங்கள்.

"முகம் தெரிஞ்சிருந்தா இந்தத் தப்பு நடந்திருக்காது" என்றான். "கடையில எண்ணூறும் இருக்காம். கேட்டுப் பாக்கட்டுமா?"

ஜெசிந்தா ஐஸ் பெட்டியிலிருந்து எழுந்து புடவையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார்.

"நாளைக்குப் பெட்டி இல்லாம வாங்க சார்."

வியாழக்கிழமை அவன் வெறுங்கையோடு வந்தபோது இன்னும் சரியாக வெளுக்கவில்லை. கை எங்கே போவது என்று தெரியாமல் பாக்கெட்டுக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. ஜெசிந்தா கரையில் நின்றார். சுற்றிலும் கூடைக்காரப் பெண்கள். கடலில் வெகு தூரத்தில் மூன்று படகுகள், மூன்று கோடுகள்.

"அதோ வர்றது யாருதுன்னு சொல்லுங்க" என்றார் அவனிடம்.

"இவ்வளவு தூரத்துல எப்படி?"

"நடுவுல வர்றது அந்தோணியோட போட்டு. மூக்கைத் தூக்கினு வருது, உள்ள ஒண்ணும் இல்ல. வலப்பக்கம் செங்கேணியோடது. பின்னால அழுந்தி வருது பாருங்க. ஏய் மல்லிகா, கூடையை எடுத்து வை!"

படகுகள் கரை தட்டின. அந்தோணி வெறும் வலையோடு இறங்கி யாரிடமும் பேசாமல் பீடி பற்றவைத்தார். செங்கேணியின் படகில் சங்கரா மீன் பளபளத்தது.

"எப்படி மாஸ்டர்? பேரே தெரியலையே."

"பேரைப் படிக்கற தூரத்துக்கு வந்தப்புறம் ஏலக்காரி எதுக்கு சார்? அதுக்கு இந்த மல்லிகா போதும்."

"ஏன், எனக்கு என்ன கொறைச்சல்?" என்றாள் மல்லிகா. "எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும்." பெண்கள் சிரித்தார்கள். குணாளனும் சிரித்தான். சிரித்து முடிப்பதற்குள் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

ஏலம் முடிந்ததும் ஜெசிந்தா அவனைத் தூண்டில் வளைவுக்குக் கூட்டிப்போனார். கடல் ஊரைத் தின்னாமல் இருக்க, அலைக்குள் நீட்டிப் பாறை கொட்டியிருக்கும் இடம் அது. இருவரும் ஒரு பாறையில் உட்கார்ந்தார்கள். கடலில் ஆறு பேர். ஆறு பேரும் கறுப்புப் பனியன்.

"நான்தான் போடச் சொன்னேன்" என்றார் ஜெசிந்தா. "போட்டி அன்னைக்கு என் வேலை என்னன்னு தெரியுமா? எவன் எழுந்தான், எவன் விழுந்தான்னு நான் பாத்துக் கூவணும். நடுவருங்க குனிஞ்சு மார்க் போட்டுனு இருப்பாங்க. அவங்களுக்கு நான்தான் கண்ணு. இன்னைக்கு நீங்க கூவுங்க."

"எனக்கு யாரையும் தெரியாதே."

"ஒருத்தனை மட்டும் சொல்லுங்க. போதும்."

முதல் அலையில் ஒருவன் எழுந்தான்.

"அதியன்."

"இல்ல."

இரண்டாவது அலை.

"இது அதியன்."

"அது ஜோயல். நேத்து அவனை நானூறு படம் எடுத்தீங்க."

குணாளனின் கால் தன்னால் ஆடத் தொடங்கியது. போன் அடித்தது. லென்ஸ் கடைக்காரர். "சார், எந்த ரெண்டு திரும்பி வருது?" "அப்புறம் சொல்றேன்" என்று வைத்தான். மறுபடி அடித்தது. மறுபடி வைத்தான்.

"காலை ஆட்டாதீங்க சார். பாறை ஆடுது."

காலை நிறுத்தினான். வெயில் ஏறியது. பார்க்க வேறு எதுவும் இல்லாததால் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவன் பலகையின் பின்பக்கமாகவே உட்கார்ந்தான். இன்னொருவன் ஓயாமல் யாருடனாவது பேசினான். ஒருவன் அலை வருவதற்கு முன்பே திரும்பிவிட்டு, பிறகு அசடு வழிந்தான். இன்னொருவன் பலகையில் குப்புறப் படுத்துத் துழாவும்போது, இடது கை நீளமாகப் போய்த் தண்ணீரை இழுத்தது. வலது கை பாதியிலேயே இறங்கியது. நீளம், பாதி. நீளம், பாதி.

"ஒருத்தன் மட்டும் வலது கையைக் குறுக்கிப் போடறான்."

"யாரு?"

"தெரியல."

அந்த ஒருவன் ஒரு அலையைப் பிடித்து எழுந்தான். எழுந்த உடனே இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டான். வீட்டில் மாடிப்படி இறங்கும்போது அப்படித்தான் ஒருவன் இறங்குவான்.

குணாளன் விரலை நீட்டினான். "மாஸ்டர், அது..."

"என்னைக் கேக்காதீங்க. கூவுங்க."

அவன் பாறைமேல் எழுந்து நின்றான். வாழ்நாளில் கடற்கரையில் கத்தியதில்லை.

"அதியன் எழுந்தாச்சு!"

அலைமேல் போய்க்கொண்டிருந்தவன் சட்டென்று கரையைத் திரும்பிப் பார்த்தான். பார்த்த வேகத்தில் தலைகீழாக விழுந்தான். மற்ற ஐந்து பேரும் பலகையைத் தட்டிக் கூச்சல் போட்டார்கள்.

"விழுந்தாச்சு" என்றார் ஜெசிந்தா. "அதையும் கூவணும்."

குணாளன் உட்கார்ந்தான். கடலைப் பார்த்தபடியே கேட்டான்:

"அவன் வலது கை ஏன் அப்படி?"

"உங்க வீட்டுலதானே சார் சாப்பிடறான்? என்னை ஏன் கேக்கறீங்க?"

மத்தியானம் இலையில் இருந்த சோற்றைக் குணாளன் பிசைந்துகொண்டே இருந்தான். எதிரே அதியன் சாப்பிட்டு முடிக்கப் போகிறான்.

"உன் வலது தோள்ல என்ன?"

அதியன் நிமிர்ந்து பார்த்தான். "எப்படித் தெரியும்?"

"பாத்தேன்."

"ஒன்பதாவது படிக்கும்போதுப்பா. தூண்டில் வளைவுப் பாறையில அலை தூக்கி அடிச்சுது. கழுத்துப்பட்டை எலும்பு முறிஞ்சு, கோணலாக் கூடிடுச்சு. ஜெசிந்தா மாஸ்டர்தான் மீன் வண்டியிலயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க."

"எனக்கு யாருமே சொல்லல."

"உங்ககிட்டச் சொல்லவேணாம்னு அம்மாகிட்ட நான்தான் சொன்னேன். உங்களுக்கு லீவு கிடைக்காது. அங்க உக்காந்து தவிப்பீங்க."

"ஆனா நான்தான் தினமும் உன்னைப் பாத்தேனே. ஒரு நாள் விடாம வீடியோ கால் பண்ணேனே."

"ஆமா. போனைக் கிட்ட வச்சுக்குவேன். முகம் மட்டும்தான் தெரியும். கட்டெல்லாம் கீழ." அதியன் லேசாகச் சிரித்தான். "ஒரு தடவை எனக்குக் கை வலிச்சுதுன்னு மாஸ்டரே போனைப் பிடிச்சுக்கிட்டாங்க. கழுத்துக்குக் கீழ இறக்கிடாதீங்கன்னு அவங்களுக்குச் சொல்லி வச்சிருந்தேன்."

"எத்தனை நாள்?"

"ஆறு வாரம். நீங்க 'நல்லா இருக்கியா'ம்பீங்க. நான் 'நல்லா இருக்கேன்'பேன்."

அதியன் கை கழுவ எழுந்து போனான். குணாளன் இலையை மூடிவிட்டு லென்ஸ் கடைக்குப் போன் போட்டான். இருநூறையும் நானூறையும் திருப்பி அனுப்பினான். இனி எதுவும் கண்ணுக்குத் தப்பக்கூடாது என்றிருந்தது. அறுநூறை வைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கே கடற்கரை நிறைந்துவிட்டது. மூங்கில் பரண் கட்டி, அதன்மேல் மூன்று நடுவர்கள். அவர்களுக்குப் பக்கத்தில் ஜெசிந்தா, கையில் ஒன்றும் இல்லாமல். முதல் சுற்றிலேயே அதியன். ஒரு சுற்றுக்கு நான்கு பேர், இருபது நிமிடம். முதல் இரண்டு இடத்தில் வருபவர்கள் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். அதியனுக்குச் சிவப்புப் பனியன்.

"எது கொண்டாந்தீங்க சார்?" என்று பரண்மேலிருந்து ஜெசிந்தா கேட்டார்.

"அறுநூறு."

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

சங்கு ஊதியது. சூரியன் தண்ணீரை விட்டு அப்போதுதான் ஒரு முழம் ஏறியிருந்தது. கடல் முழுக்கத் தகரத்தைப் போல மின்னியது. சிவப்பு இல்லை, நீலம் இல்லை, பச்சை இல்லை, வெள்ளையும் இல்லை. நான்கும் கறுப்பு.

"நீலம் எழுந்தாச்சு!" ஜெசிந்தாவின் ஏலக் குரல் கரையைத் தாண்டிப் போனது. "நீலம் விழுந்தாச்சு! வெள்ளை துழாவுது, வெள்ளை விட்டாச்சு!"

குணாளன் லென்ஸுக்குள் தேடினான். கண்ணைக் குத்தும் வெளிச்சம். ஒரு பலகையின் முனை. ஒரு முதுகு. யாருடைய முதுகு?

"சிவப்பு எழுந்தாச்சு!"

லென்ஸை வீசித் திருப்பினான். நுரை வந்தது. வெறும் நுரை.

"சிவப்பு இறங்கியாச்சு! நல்ல அலை!"

போய்விட்டது. பன்னிரண்டு நிமிடம் ஆகிவிட்டது. முக்காலியை இடம் மாற்றினான். மறுபடி மாற்றினான். பக்கத்தில் நின்றவர் காலில் அது ஏறியது. "யோவ்!" என்றார் அவர். மன்னிப்புக் கேட்டான். மறுபடி கண்ணை வைத்தான். தண்ணீர், வானம், தண்ணீர். "சிவப்பு எழுந்தாச்சு!" பதினைந்தாவது நிமிடத்தில் அதையும் விட்டான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

மூச்சு வாங்கத்தான் தலையைத் தூக்கினான்.

வெறும் கண்ணுக்குக் கடல் அகலமாக இருந்தது. நான்கு மிளகு. மூன்றாவது மிளகு துழாவிக்கொண்டிருந்தது. நீளம், பாதி. நீளம், பாதி.

குணாளன் அறுநூறைக் கழற்றினான். அதைத் தொப்பிக்குள் போட்டு மணலில் வைத்தான். பையின் அடியில் கிடந்த, கேமராவோடு வந்த சின்ன லென்ஸை எடுத்து மாட்டினான். முக்காலியை விட்டுவிட்டு, முழங்கால் நனையும்வரை தண்ணீருக்குள் போய் நின்றான்.

தூரத்தில் ஒரு அலை முதுகைத் தூக்கியது. பலகை திரும்பியது. ஜெசிந்தா கூவுவதற்கு முன்பே அவன் வாய் தன்னால் முணுமுணுத்தது: "எழுந்தாச்சு."

ஒரு படம் எடுத்தான். ஒன்றே ஒன்று.

சங்கு ஊதியது. அதியன் மூன்றாவதாக வந்தான். அடுத்த சுற்று இல்லை.

பலகையோடு கரையேறியவன் நேரே அப்பாவிடம் வந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "எடுத்தீங்களா?" என்றான். குணாளன் கேமராவை நீட்டினான். நீட்டும்போதே, "நான் நெனச்ச மாதிரி வரலடா" என்றான்.

படத்தில் பெரும்பகுதி கடல். நடுவில் கறுப்பாக ஒரு அலை. அலையின் நெற்றியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு உருவம். இடது கை முதுகுக்குப் பின்னால் மடங்கியிருந்தது. வலது தோள் ஒரு பக்கமாகத் தாழ்ந்திருந்தது.

அதியன் அதைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எனக்கு அனுப்பிடுங்கப்பா" என்றான். பலகையைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனான்.

அவன் அவ்வளவோடு போனது நல்லதற்கா கெட்டதற்கா என்று குணாளனுக்குத் தெரியவில்லை. பரணுக்கும் தண்ணீருக்கும் இடையில் இரண்டு தடவை நடந்தான். அடுத்த சுற்று தொடங்கக் கொஞ்சம் நேரம் இருந்தது. ஜெசிந்தா தொண்டையை நனைக்கச் சோடா குடித்துக்கொண்டு கீழே இறங்கி வந்தார். அவரிடம் கேமராவைக் காட்டினான்.

"கேட்டது ஒரே ஒரு படம். அதுல இத்துனூண்டு இருக்கான் மாஸ்டர். முகமே தெரியல. அறுநூறுலயே இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணியிருக்கணுமோ?"

ஜெசிந்தா படத்தைப் பார்த்தார். சோடா பாட்டிலை அவன் கையில் கொடுத்துவிட்டுப் பரண் ஏணியில் கால் வைத்தார்.

"முகத்தைத்தான் பதினோரு வருஷம் பாத்தீங்களே சார்."